பதினைந்து வாட் குழாய்

என் வயதுக்காரர்கள் பலருக்கு அந்தக் குழாய் நினைவிருக்கும். சாம்பல் நிறத் தகரத்தில் வாய் அகன்று, பின்பக்கம் ஒடுங்கி, ஒடுங்கிய இடத்தில் தேங்காய் அளவு இரும்பு உருண்டை ஒன்று பூட்டியிருக்கும். சத்தம் பிறப்பது அந்த உருண்டைக்குள். குழாய் அதை வெளியே எடுத்துப்போவது மட்டுந்தான். திருவிழாவோ பொதுக்கூட்டமோ, இதைத் தூக்கிக் கட்டிய பிறகுதான் தொடங்கியதாகக் கணக்கு.

எங்கள் கோயில் குழாயின் உருண்டையில் சிறிய பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. பதினைந்து வாட் என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. அது தாங்கக்கூடிய வலு அவ்வளவுதான். அறுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதாயிருந்த தவக்காலத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு எண்கள் நாள் தவறாமல் பேசப்பட்டன. ஒன்று இந்தப் பதினைந்து. மற்றது ஐம்பது.

ஐம்பது, மாமாவின் அம்பிளிபயர்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். வீட்டின் பக்கத்து அறையில் றேடியோ திருத்துவார். அறைக்குள் போனால் ஈயம் உருகும் மணமும் சூடான தூசியின் மணமும் வரும். அப்பா கப்பல் திருத்தும் டொக்யாட்டில் எலெக்ட்ரிசியன். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது அவருடைய வேலை போகவில்லை. ஆனால் அவருக்கு வேலை பழக்கிய வெள்ளைக்காரப் போர்மன் போய்விட்டார். போர்மன் சொன்ன விதிகள் மட்டும் அப்பாவிடம் தங்கின. அவர் அவற்றைக் கட்டளைகள் போலச் சொல்வார்.

கடற்படை விட்டுப்போன சாமான்கள் சில ஆண்டுகள் ஏலத்தில் வந்துகொண்டிருந்தன. இரும்புக் கட்டில்கள், கயிற்றுச் சுருள்கள், எனாமல் பேசின்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கப்பல் போர்வைதான். மாமா எடுத்தது ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி. இரண்டு பேர் தூக்க வேண்டும். கப்பலில் கட்டளைகளை ஒலிபரப்பிய அம்பிளிபயர். ஐம்பது வாட்.

"கப்பலுக்குக் கத்தின மெசின்," என்றார் அப்பா. "இதை வைச்சு நீ ஆருக்குக் கத்தப் போறாய்?"

மாமாவிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அப்போது சொல்லவில்லை.

பதில் மூப்பர் வீட்டில் இருந்தது. மூப்பர் என்றால் எங்கள் கோயிலின் சனங்களுக்குத் தலைவர். சுவாமிக்கு, அதாவது பாதிரியாருக்கு, அடுத்தபடி அவர்தான். இரண்டு வள்ளம் வைத்திருந்தார். கரையில் நின்று கூப்பிட்டால் வலை இழுக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பசாம் பாடுவார்கள். யேசுவின் பாடுகளைச் சொல்லும் நீண்ட பாட்டு. அதை இருபது வருடமாக முன்னின்று பாடியவர் அவர். குழாய் வாங்கியதும் அவருடைய முயற்சிதான். ஒவ்வொரு வள்ளமும் வலை இழுக்கும் ஒவ்வொரு தரமும் ஒரு மீனைக் கோயிலுக்கென்று ஒதுக்க, ஒரு வருட மீனில் வந்த குழாய் அது. ஆகையால் அதன் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் கேட்பதற்கு நாற்பது வள்ளக்காரர்கள் இருந்தார்கள்.

மூப்பருக்கு ஒரு மகள். எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்தவர். அந்த வருடம் அவர்கள் வீட்டு றேடியோ மூன்று தரம் பழுதாகி எங்கள் வீட்டுக்கு வந்தது.

"தம்பி, அந்த றேடியோ திருந்தினா உனக்குத்தான் கவலை போலக் கிடக்கு," என்றார் அம்மா.

மாமா காது சிவந்து, ஈயக் கம்பியை இன்னும் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

அப்பாதான் போய்ச் சம்பந்தம் பேசினார். மூப்பர் மறுக்கவில்லை. சம்மதிக்கவும் இல்லை. அவர் சொன்னதை அப்பா வந்து அப்படியே சொன்னார்: "உயிர்த்த ஞாயிறு போகட்டும். இந்தத் தவக்காலம் முழுக்கக் குழாய் அவன்ர பொறுப்பில விடுறன். ஊர்ச் சாமானை வைச்சிருக்கத் தெரிஞ்சவனோ எண்டு பாப்பம்."

கோயிலில் முதலில் இருந்த பழைய அம்பிளிபயர் அந்த மாரியில் செத்துவிட்டது. ஆகையால் மாமாவின் கப்பல் பெட்டிதான் கோயிலுக்குப் போக வேண்டும். ஐம்பதைப் பதினைந்தோடு பூட்ட வேண்டும். அங்கேதான் வீட்டில் கதை தொடங்கியது.

"பத்து அம்பியர் வயரில முப்பதை விட்டா என்ன நடக்கும்?" அப்பா கேட்டார்.

"வயர் எரியும்."

"அப்ப பதினைஞ்சில ஐம்பதை விட்டா?"

"அத்தான், அது ஐம்பது தரக்கூடிய மெசின். எப்பவும் ஐம்பது தந்துகொண்டிருக்கிற மெசின் இல்லை. நாங்கள் கேக்கிற அளவைத்தான் தரும். பத்தைக் கேட்டா பத்து."

"கேக்கிறது ஆர்? சத்தம் கூட்டுற திருகியில கை வைச்சிருக்கிறது நீ. மைக்குக்கு முன்னால நிக்கிறது மூப்பர். அந்தாள் ‘ஆண்டவரே’ எண்டு ஒரு சத்தம் வைச்சா உன்ர பத்து எங்க நிக்கும்?"

அது நல்ல கேள்வி. மாமா அன்று சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனதை நினைத்துப் பார்க்கிறேன். கோபத்தில் போகவில்லை. கேள்வியோடு போனார்.

இரண்டு நாள் கழித்து, உடைந்த கார் ஒன்றின் பிரேக் விளக்குப் பல்பை எங்கிருந்தோ கொண்டுவந்தார். அம்பிளிபயரிலிருந்து குழாய்க்குப் போகும் வயரை ஒரு இடத்தில் வெட்டி, நடுவில் அந்தப் பல்பைச் சேர்த்தார். குழாய்க்குப் போகிற வலு எல்லாம் பல்பின் வழியாகத்தான் போக வேண்டும். மெதுவாகப் பேசினால் பல்ப் இருண்டே கிடக்கும். சத்தம் தடையில்லாமல் போகும். கத்தினால் பல்பின் இழை சூடாகிச் சிவக்கும். சிவந்த இழை தானே தடையாகி, மிஞ்சின வலுவில் ஒரு பங்கைத் தான் எடுத்துக்கொள்ளும். குழாய் தப்பும்.

அப்பா பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா மைக்கில் ஒரு கூச்சல் போட்டார். பல்ப் செம்மஞ்சளாக எழுந்து அடங்கியது.

"போர்மன் இதைப் பாத்திருந்தா அடிச்சிருப்பான்," என்றார் அப்பா. ஆனால் தடுக்கவில்லை.

பல்ப், ஓட்டை போட்ட பால் ரின் தகரம் ஒன்றுக்குள் இருந்தபடி, பீடத்தின் பக்கத்திலே மேசையில் அம்பிளிபயர் மேல் அமர்ந்தது. பிள்ளைகள் நாங்கள் முதல் வெள்ளியே கண்டுபிடித்துவிட்டோம். சுவாமியின் பிரசங்கம் முழுவதும் அது எரியாது. கள்ளுத் தவறணையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் மினுங்கும். மூப்பர் பாடத் தொடங்கினால் மூச்சு விடும் இடம் தவிர்ந்த மற்ற எல்லா இடத்திலும் எரியும். பெண்கள் பக்கத்திலும் இது பரவிவிட்டது. ஒரு வெள்ளி, பூசை முடிந்து வெளியே வந்த சுவாமியிடம் ஒரு மீன்காரி சொன்னார்: "சுவாமி, இண்டைக்குப் பல்ப் எரியேல்லை. பிரசங்கம் காணாது." சுவாமி சிரித்தார். அடுத்த வாரம் கொஞ்சம் குரலை உயர்த்தியும் பார்த்தார்.

குழாயை மணிக் கோபுரத்தில் கட்டியிருந்தார்கள். வாய் துறைமுகப் பக்கம் பார்க்காமல், வள்ளங்கள் இழுத்துவைக்கும் மேட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்த மேட்டுக்கு அப்பால் மூப்பரின் வீடு. அவருடைய மனைவி இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். அவர் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் மூப்பர் குழாயை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். வீட்டில் தாயோடு இருக்கும் மகள் பசாம் முடிந்ததும் கோயிலுக்கு வந்து தகப்பனிடம் சொல்வார்: "கடைசிப் பகுதி வரை கேட்டதாம், ஐயா. ஒரு சொல்லும் விடேல்லையாம்." அதைக் கேட்டு மூப்பர் மாமாவின் தோளில் தட்டினதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வெள்ளிகள் இப்படிப் போயின. ஐந்தாம் வெள்ளிக்குப் பிறகு அம்மா வீட்டில் மாப்பிள்ளைச் சட்டைத் துணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பெரிய வியாழன் மத்தியானம் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"தம்பி, நாளைக்கு அந்தப் பல்பைக் கழட்டிப்போடு."

எங்கள் கோயில் முறை என்னவென்றால், பெரிய வெள்ளிக்குக் கோயில் வளவுக்குள் ஒரு விளக்கும் எரியக் கூடாது. மணி அடிக்க மாட்டார்கள்; மரக்கட்டையைத் தட்டுவார்கள். யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுவார்கள். நடுப்பகலில் இருட்டாக்கி, அந்த இருட்டில் பசாம் பாடுவார்கள். அந்த இருட்டுக்குள் ஒரு பல்ப் மினுங்கி மினுங்கி எரிவதை மூப்பரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"ரின்னை வடிவாய் மூடி விடுறன், மூப்பர். வெளிச்சம் வராது."

"மூடினாலும் எரியிறது எரியிறதுதான்."

"வெளியில, கோபுரத்தில ஏத்திக் கட்டுறன்."

"கோபுரம் வளவுக்குள்ளயோ வெளியிலயோ?"

அம்மா குசினி வாசலில் நின்றபடி, "அப்ப மெசின் பெட்டிக்குள்ள சிவப்பாய் எரியிறது என்னவாம்?" என்று எனக்கு மட்டும் கேட்கும் அளவில் சொன்னார். பெட்டியின் உள்ளே சிவந்து எரியும் வால்வுகளை மூப்பர் ஒருநாளும் பார்த்ததில்லை. யாரும் அதை அவருக்குச் சொல்லவும் இல்லை.

அவர் போன பிறகு மாமா, "பல்ப் இல்லாமலே செய்யலாம். திருகியைக் கீழ வைச்சு, காதால கேட்டுக் கேட்டுப் பாத்துக்கொள்ளுறன்," என்றார்.

அப்பா அதைக் கேட்கத் தயாராக இல்லை. "ஐஞ்சு கிழமை பல்ப் காத்தது. நாளைக்கு மூண்டு மணித்தியாலம் அந்தாள் விடாமல் பாடப் போறார். உன்ர காதை நம்பி ஐம்பதை விடுறதோ? பள்ளிக்கூடத்தில சின்ன மெசின் ஒண்டு கிடக்கு, பதினைஞ்சு வாட். நான் கேட்டு எடுத்துத் தாறன். பதினைஞ்சுக்குப் பதினைஞ்சு. முழுக்கத் திருகினாலும் பதினைஞ்சுக்கு மேல அதால தர ஏலாது. எரிக்கவே ஏலாது."

"சின்னதை முழுக்கத் திருகுறதுதான் அத்தான் கூடாது."

"ஏன்?"

மாமா விளக்கப் பார்த்தார். அவருக்கும் சொற்கள் சரியாக வரவில்லை. சத்தம் ‘கிழியும்’ என்றார். கிழிந்தால் ‘சூடு கூடும்’ என்றார். அப்பா பெருமூச்சு விட்டார். "தம்பி, உன்ர கலியாணத்துக்குப் போய்க் கதைச்சது நான். நாளைக்குக் குழாய் எரிஞ்சா மூப்பற்றை முகத்தில முழிக்கிறதும் நான். எனக்காகச் செய்."

மாமா கொஞ்ச நேரம் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துணியால் துடைத்தார்.

"சரி அத்தான்," என்றார்.

பெரிய வெள்ளியன்று வெயில் கடுமை. காலையில் கஞ்சி மட்டுந்தான். கோயிலுக்குள் இடம் கொள்ளாமல் வெளியே வேப்பமரங்களின் கீழும் சனம். உள்ளே கறுப்புத் துணியின் ஓரங்களால் வரும் கோடுகோடான வெளிச்சம், பழைய மெழுகும் வியர்வையும் கலந்த மணம், பிள்ளைகளின் இருமல். நான் பெண்கள் பக்கத்தில் முதல் பாயில் இருந்தேன். மேசை எனக்கு நேர் எதிரே. பள்ளிக்கூட அம்பிளிபயர் பாண் பெட்டி அளவில் சிறியதாக இருந்தது. மாமா அதன் பக்கத்தில் முழங்காலில். அப்பா வாசலில் நின்றார், வெளியே சத்தம் எப்படிப் போகிறது என்று பார்க்க.

இதைச் சரியாக எழுத வேண்டும். நான் கண்டது இவ்வளவு: மூப்பர் பாடத் தொடங்கியபோது வெளியே சத்தம் காணாது என்று அப்பா வாசலில் இருந்து கையை உயர்த்திக் காட்டினார். மாமா கூட்டினார். அப்பா மறுபடி காட்டினார். மாமா தலையை ஆட்டினார், ஏலாது என்பதுபோல். அப்பா உள்ளே வந்து, குனிந்து, தானே திருகியை முட்டும்வரை திருப்பிவிட்டு வாசலுக்குப் போனார். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இதுவே நடந்தது. மாமா மெல்லக் குறைப்பார். அப்பா கையை உயர்த்துவார். மாமா கூட்டுவார். பிறகு மெல்லக் குறைப்பார்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. கப்பல் பெட்டியில் மூப்பரின் குரல் பெரிதாக வரும், ஆனால் மூப்பரின் குரலாகவே வரும். இதில் ஒவ்வொரு சொல்லின் ஓரமும் பிசிறியது. உயரப் போன இடமெல்லாம் தகரத்தைக் கத்தரியால் கிழிப்பதுபோல் கேட்டது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

யேசு மூன்றாந்தரம் விழுகிற இடம். மூப்பர் அந்த வரியை நீட்டினார். மாமாவின் கை திருகியில் இருந்தது, குறைத்துக்கொண்டிருந்தார். குழாய் அந்த நீட்டின் நடுவில் நின்றது. கரகரக்கவில்லை, வெடிக்கவில்லை. கத்தியால் வெட்டினதுபோல் நின்றது. கோயிலுக்குள் மூப்பரின் சொந்தக் குரல் இன்னும் இரண்டு கணம் தனியாகக் கேட்டது.

பிறகு அவரும் நிறுத்தினார். சரி, யாராவது வேறு வயர் பூட்டுவார்கள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே ஓர் ஆரவாரம். சனத்தைப் பிளந்துகொண்டு மூப்பரின் மகள் ஓடிவந்தார். கறுப்புச் சட்டை, காலில் செருப்பில்லை, தலையில் முக்காடு இல்லை. பீடத்துக்கு முன்னால் தகப்பன் நிற்பதைக் கண்டு, அவருடைய இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு ஒண்டுமில்லையோ? அம்மா நீங்கள் விழுந்துட்டீங்கள் எண்டு கத்துறா. கட்டிலால விழுந்துபோனா."

இரண்டு வருடமாக எழும்பாத பெண். கணவரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்ததைக் கேட்டு, அவர் செத்துவிட்டார் என்று நினைத்து எழும்பப் பார்த்து விழுந்திருந்தார். கை முறிந்திருந்தது.

பின்னேரம் மூப்பர் திரும்பி வந்தார். குழாயை இறக்கி உருண்டையைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே செப்புக் கம்பிச் சுருள் கருகிக் கிடந்தது. நான் முகர்ந்து பார்த்தேன். எரிந்த நகத்தின் மணம். மூப்பர் யாரிடமும் சத்தம் போடவில்லை. அப்பா இருந்தார், மாமா இருந்தார், சுவாமி இருந்தார். அவர் என்னைத்தான் கேட்டார்.

"பிள்ளை, நீ கிட்ட இருந்தனீ. குழாய் நிக்கேக்க திருகியில கை வைச்சிருந்தது ஆர்?"

"மாமா," என்றேன்.

அது உண்மை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். பின்னாளில் பத்திரிகையில் வேலை பார்த்து, இப்படியான பதில்களை நூற்றுக்கணக்கில் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். கேட்டதற்கு மட்டும் சொல்லப்பட்ட உண்மைகள். அவற்றில் ஒரு சொல்லும் பிழையிராது.

அப்பா பொய் சொல்லவில்லை. அவர் நம்பியதைச் சொன்னார். "சின்ன மெசினால இது எரிய ஏலாது, சுவாமி. ஐஞ்சு கிழமை ஐம்பது வாட்டில அடிவாங்கின குழாய். பல்ப் காத்தது எண்டு நினைச்சம், காக்கேல்லை. உள்ளுக்குள்ள பழுதாகி இண்டைக்கு விழுந்துட்டுது." எலெக்ட்ரிசியன் சொன்னது. யார் மறுப்பார்கள்? எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கருகிய சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிர்த்த ஞாயிறு போனது. மூப்பர் வரவில்லை. அவர் மனைவி சொன்னதாக ஒரு சொல் மட்டும் தெருவுக்கு வந்தது: "என்ர காதில அவற்றை சத்தத்தை அறுத்தவனுக்கோ என்ர பிள்ளை?" அம்மா சட்டைத் துணியை அலுமாரியில் அடியில் வைத்தார். இரண்டு கிழமைக்குள் மாமா கப்பல் பெட்டியையும் தன் திருத்து வேலை ஆயுதங்களையும் லோஞ்சுப் படகில் ஏற்றிக்கொண்டு குடாவுக்கு அப்பாலுள்ள மூதூருக்குப் போனார். அங்கே ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடைக்குப் பக்கத்து அறையில் றேடியோ திருத்தத் தொடங்கினார். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அம்மா வருடத்தில் இரண்டு தரம் லோஞ்சில் போய்ப் பார்த்துவருவார். அப்பா போகவில்லை. மாமா வரவில்லை. மூப்பரின் மகளை அடுத்த வருடம் உப்புவெளிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள்.

பதின்மூன்று வருடம் கழிந்தது. நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு தொழிற்சங்கக் கூட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். கூட்டம் தொடங்கத் தாமதம். காரணம், ஒலிபெருக்கிக்காரர் மேடையில் ஏற மறுத்துக்கொண்டிருந்தார். சங்கத்துச் செயலாளர் சிக்கனத்துக்காக எங்கோ இருந்து ஒரு சின்ன அம்பிளிபயரைக் கொண்டுவந்து, இதைப் பூட்டு என்கிறார்.

"பூட்ட மாட்டேன்," என்றார் ஒலிபெருக்கிக்காரர். "என் ஸ்பீக்கர் எரிஞ்சு போகும்."

"இது சின்ன மெசின்தானே? சின்னது எப்படி எரிக்கும்?" என்று கேட்டது நான்.

அவர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, சின்னதுதான் எரிக்கும். இந்தச் சனத்துக்குக் கேக்கணும்னா இதை முட்ட முறுக்கணும். முட்ட முறுக்கினா அதால குடுக்க முடியாது. குடுக்க முடியாம அலையோட தலையை வெட்டி வெட்டி அனுப்பும். வெட்டின சத்தம் உள்ள இருக்கிற காயில் கம்பியைச் சும்மா சூடாக்கும், ஆட விடாது. மேல எழுதியிருக்கிற வாட்டை விடக் கூடவும் போகும். பெரிய மெசினைப் பாதியில வெச்சா சத்தம் சுத்தமா வரும், ஸ்பீக்கர் பத்து வருசம் நிக்கும். காது வேணும், அவ்வளவுதான்."

‘வெட்டின சத்தம்’ என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது அந்தப் பக்கத்தில் இல்லை.

அடுத்த விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்றிருந்தார். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, ஒரு பழுதைத் தேடுகிறவர்போல, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அண்டைக்குத் திருகி எவ்வளவில நிண்டது?"

"முட்ட. நீங்கள்தான் திருகினீங்கள்."

"சத்தம்?"

"தகரம் கிழியிற மாதிரி."

"எனக்கும் கேட்டது," என்றார் அப்பா. "பெரிய மெசின் பழுதாக்கின குழாய் அப்பிடித்தான் கத்தும் எண்டு நினைச்சனான்."

தாங்குகிற அளவுக்கு மேல் விடாதே என்ற போர்மனின் விதியில் பிழை இல்லை. அது வயருக்குச் சரியான விதி. அப்பா அதைக் குரலுக்குப் பூட்டினார். தன் காதில் விழுந்ததைக்கூட அந்த விதிக்குச் சாட்சியாக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லோஞ்சுக்குப் போனார். பின்னேர லோஞ்சில் திரும்பி வந்தார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னவன்?"

"நான் சொல்ல வெளிக்கிட முன்னம் சோறு போட்டவன்."

"பேந்து?"

"பேந்து சொன்னனான். அவனுக்குத் தெரியுமாம். அண்டைக்கே தெரியுமாம்."

அம்மா நிமிரவில்லை. "எனக்கும் தெரியும்," என்றார்.

அப்பா கதிரையில் இருந்தார்.

"பெட்டி கட்டேக்க சொன்னவன். உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவன். ‘அத்தான் ஊருக்கு முன்னால சொன்ன சொல்லு, அக்கா. நான் மறுத்தாலும் நீதான் அந்த வீட்டில இருக்க வேணும்’ எண்டு சொன்னவன்."

"பதின்மூண்டு வருசமாய் நீ..."

"சின்னது எரிச்சது எண்டு சொன்னா நீங்கள் நம்பியிருப்பியளோ?"

அப்பா யோசித்தார். அவர் அந்தக் கேள்விக்கு நேர்மையாகத்தான் பதில் சொன்னார். "இல்லை."

மூப்பரிடம் போய்ச் சொல்லலாமென்றால் அவர் செத்து நான்கு வருடம். மனைவி அதற்கும் முன்னால். ஆகையால் அப்பா புதிய சுவாமியிடம் போய் அனுமதி கேட்டார். ஞாயிறு பூசை முடிவில் எழுந்து மைக்குக்கு முன்னால் வந்தார். அப்போது கோயிலில் குழாய் இல்லை. சுவரில் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். அப்பா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாயை ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசினார்.

"பதின்மூண்டு வருசத்துக்கு முந்தி, பெரிய வெள்ளியில எங்கட குழாய் எரிஞ்சது. பழைய ஆக்களுக்கு ஞாபகமிருக்கும். என்ர மச்சான்ர மெசின்தான் பழுதாக்கினது எண்டு இந்த இடத்தில நான் சொன்னனான். அது பிழை. சின்ன மெசினைக் கொண்டந்தது நான். முட்டத் திருகினது நான். அவன் குறைச்சுக்கொண்டிருந்தவன். அதைத்தான் சொல்ல வந்தனான்."

பெடியன்கள் வரிசையில் யாரோ, "என்ன குழாயாம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கிழவர்கள் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அப்பா வந்து தன் இடத்தில் இருந்தார். என் பங்கை அவர் சொல்லவில்லை. நானும் எழுந்து நிற்கவில்லை.

மூப்பரின் மகள் அன்று பூசைக்கு வந்திருந்தார். நடு வரிசையில், கணவரும் இரண்டு பிள்ளைகளுமாக. வெளியே வாசலில் கணவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருக்க, அவர் என் அம்மாவிடம் வந்தார்.

"மாமி, அண்டைக்கு அவர் குறைச்சுக்கொண்டோ இருந்தவர்?"

"ஓம் பிள்ளை."

"அம்மா சாகுமட்டும் அவரைத்தான் திட்டினவ." முக்காட்டை இழுத்து விட்டார். "நானும்தான்."

அம்மா அவருடைய கையைத் தொட்டார்.

"இப்ப எங்க, மூதூரிலயோ?"

"ஓம்."

"குடும்பம்?"

"கலியாணம் செய்யேல்லை, பிள்ளை."

அவர் சின்னப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். அந்தப் பிள்ளை நன்றாக நடக்கக்கூடிய வயது. மூத்தவனைக் கணவர் முன்பக்கம் ஏற்றியிருந்தார். இவர் பின்னால் ஏறிக்கொண்டதும், என்ன கதை என்று கணவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்டுமில்லை," என்றார் அவர். "பழைய கதை."

பக்கத்திலிருக்கும் ஒருவருக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை. வாசலில் நின்ற எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது.